வெட்டின லாக்

பெயரைச் சொன்னால் ஃபேக்டரியில் யாருக்கும் தெரியாது, ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தொன்று. பிரெட் ஃபேக்டரியில் ஃபிட்டர். அதன் பின் தெருவில் மாடி வீட்டில் மனைவியோடு குடியிருக்கிறேன். நேற்று மெஷினில் இறந்தவன் என் மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி, அங்கேயே மெஷின் கழுவுகிறவன்.

லாக் என்கிற ஒரு வார்த்தையை வைத்தே நாங்கள் காலம் தள்ளுவோம். போன் நின்றாலும் லாக், கழுத்து பிடித்துக்கொண்டாலும் லாக். போன வாரம் பெண் பார்த்துவிட்டு வந்த மச்சான், "மாமா, லாக் ஆயிடுச்சு" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஆனால் மாவு பிசையும் மெஷினுக்குள் இறங்குகிறவன் வேறு யாரும் ஓட்டிவிடாதபடி சுவிட்சில் மாட்டும் பூட்டோடு யாரும் விளையாட மாட்டோம். அவனவன் பூட்டு, சாவி அவனவன் பையில். சிலர் கழற்ற மறந்து சாவியோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்போது உள்ளே ஆள் இல்லை என்று சூப்பர்வைசர் பார்த்துச் சொன்ன பிறகு நான் பூட்டை வெட்டுவது வழக்கம்.

நேற்று மதியம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, காலை ஷிப்ட்காரன் எவனோ மாவு மெஷினில் பூட்டை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றார். அதன் பிறகு அவரே ஏணியில் ஏறி, தொட்டிக்குள் குனிந்து, நன்றாகவே பார்த்தார். அதன் பிறகு இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, மற்ற மெஷின்களின் இரைச்சலில் என் காதருகே வந்து, "உள்ள யாருமில்ல, வெட்டு" என்றார். மச்சான் அன்று லீவு என்றுதான் எனக்குத் தெரியும். இவர் போன் பண்ணி வரவழைத்தது பிறகுதான் தெரிந்தது. நான் வெட்டினேன், அவர் சுவிட்சைப் போட்டார். அதன் பிறகு கேட்ட சத்தத்தைச் சொல்ல என்னால் ஆகாது.

பேக்கிங் பெண்ணின் கையை இவர் பிடித்து இழுத்ததை முதலாளியிடம் சொன்னவன் மச்சான். அன்றிலிருந்தே இவர் அவன்மேல் கறுவிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு என்னைத் தனியாகக் கூட்டிப்போய், அவன் பூட்டே போடாமல் இறங்கினான் என்று சொல்லச் சொன்னார். "வெட்டுனது உன் கைதானே. அவன் அக்காவுக்குத் தெரிஞ்சா உன்ன வீட்டுல சேர்ப்பாளா?" என்றார். அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன் சார்.

படித்துக் காட்டியதைக் கேட்டேன், கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை, நான் சொன்னதேதான். இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். வெட்டியது நான் என்று என் மனைவிக்கு இன்னும் தெரியாது, அதை நான்தான் சொல்ல வேண்டும். நான் கிளம்பும்போது, துக்கம் கேட்க வந்த சூப்பர்வைசர் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. சீக்கிரம் ஒரு ஆளை அனுப்புங்கள்.

(ஒப்பம்) ஃபிட்டர்