ஏசி நின்ற திருச்சி விமானம்

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் காலை ரயில். என் எதிரே விமானம் பழுதுபார்ப்பவரின் சீருடையில் ஒருவர். பக்கத்தில், திருச்சி விமானம் பாதியில் திரும்பிய செய்தியைக் கைபேசியில் அவரிடம் நீட்டியபடி ஓர் அம்மா.

“திரும்பி வந்த பிளேன்தான் நல்ல பிளேன், ஆன்டி,” என்றார் அவர்.

“‘நடுவானில் மரண ஓலம்’னு போட்டிருக்கான் தம்பி.”

“யாரும் ஓலம் போடல லா. நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. நாங்கதான் அந்த பிளேனைப் பார்த்தோம். ஏசி ரெண்டு செட் இருக்கும். ஒண்ணு நின்னுச்சு, இன்னொண்ணு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதுக்கே கேப்டன் திருப்பிட்டாரு.”

“அப்புறம் ஏன் இப்படி எழுதறான்?”

“ஏசி நின்னுச்சுன்னு எழுதினா நீங்க படிப்பீங்களா?”

அம்மா சிரிக்கவில்லை. “இதைப் படிச்சுட்டுத்தான் இன்னிக்குப் போற டிக்கெட்டை நேத்து கேன்சல் பண்ணேன். எங்க அக்கா திருச்சியில ஐசியூல கிடக்கா.”

“மறுபடி போடுங்க ஆன்டி. பயப்படாம போங்க.”

“போட்டாச்சு. வெள்ளிக்கிழமைதான் சீட் இருக்காம். இன்னிக்குத் திங்கள்தானே?”

அந்தத் தலைப்பை எழுதியவனுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் எழுதியிருப்பான்.

“அதுவரைக்கும் அக்கா தாங்குவாளா, தம்பி?”

விமானத்தைப் பற்றி அத்தனையும் தெரிந்தவர் குனிந்து தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.