வேளாங்கண்ணியில் பத்து நாள்

கடலில் முதன்முதலாக இறங்குகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு இறங்க வேண்டும். எனக்கும் பூரணிக்கும் அது தெரியாது. முதல் அலையிலேயே இரண்டு பேரும் ஆளுக்கொரு மடக்கு உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கரையில் உட்கார்ந்து இருமி இருமிச் சிரித்தோம். முப்பது வயதுக்கு மேல் அப்படிச் சிரித்தது எனக்கு அன்றுதான்.

சாமி, போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, நான் வளர்க்கிற திரேசாவுக்கு உறுதிபூசுதல் கொடுக்க அவளைப் பெற்றவளின் பேர் வேண்டும் என்று கேட்டீர்கள். ஞானஸ்நானப் புத்தகத்தில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்றீர்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து முழந்தாளிட்டுப் பார்த்தேன், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பேர் பூரணி. அவள் உயிரோடு இருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததுதான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் பதினைந்து வருஷமாக ஆயா. கொழுந்துக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள், பொழுதிறங்க வந்து தூக்கிப் போவார்கள். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்ததால், லயத்து வீடுகளுக்கு வருகிற கடுதாசிகளைப் படித்துச் சொல்வதும் ஆபீசுக்குப் போகிற படிவங்களை நிரப்புவதும் என் வேலையாகிப் போயிற்று. நான் எழுதுவேன், கீழே அவர்கள் கைநாட்டு வைப்பார்கள். என்ன எழுதினீர்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

பூரணியின் புருசன் காய்ச்சலில் போய்விட்டான். தாய் தகப்பன் முன்னமே இந்தியா போய் அங்கேயே செத்துப்போனவர்கள். இருந்தது ஒரே ஒரு பெண் பிள்ளை. திரேசாவுக்கு அப்போது அழகம்மா என்று பேர், மூன்று வயது. எனக்கும் அந்தோனிமுத்துவுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அழகம்மா விழித்திருக்கும் நேரமெல்லாம் என் மடியில்தான் இருந்தாள். முதல் பல் முளைத்ததை நான்தான் பார்த்தேன். பொழுதிறங்கி பூரணி படலைத் தள்ளும் சத்தம் கேட்டதும் மடியிலிருந்து இறங்கி ஓடுவாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் அப்படித்தான்.

ஐம்பத்து நாலாம் வருஷம் பூரணிக்கு உடம்பு முடியவில்லை. இளைப்பும் இருமலுமாகக் கிடந்தாள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போவோம், கடல்காற்று பட்டால் நெஞ்சு தெளியும், ஒரு பத்து நாள் கையைக் காலை நீட்டிப் படுத்துக் கிட என்று நான்தான் சொன்னேன். அவள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆசைப்பட்டாள். திருவிழாக் கூட்டத்தில் அம்மை ஒட்டிக்கொள்ளும் என்றேன். ஊசி போட்டு, மருந்து கொடுத்துப் பழகியவள் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள். பிள்ளையை அந்தோனிமுத்துவிடமும் அவருடைய அம்மாவிடமும் விட்டுவிட்டு, தலவாக்கலையில் ரயில் ஏறினோம்.

காகிதங்களை எல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன். குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு நம் ஆட்கள் இந்தியா போவது சுலபம், இந்தத் தீவுக்குத் திரும்பி வருவதுதான் கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பத்து நாளும் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது உண்மை. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஓலைக் குடிசையை வாடகைக்கு எடுத்தோம். விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு அடிக்காத ஊரில் பூரணி வெயில் ஏறும்வரை தூங்கினாள். இரண்டு வேளையும் மீன் சாப்பிட்டாள். நாலாம் நாள் இருமல் நின்றது. "அக்கா, இந்தத் தண்ணிய எவன் இம்புட்டு உப்பாக்குனான்? ஒரு கிழமைக்கு லயம் முழுக்கச் சோத்துக்குப் போடலாமே" என்று இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்துவாள். மணலில் சிப்பி பொறுக்கி முந்தானையில் முடிவாள், எல்லாம் அழகம்மாவுக்கு. புள்ள இந்நேரம் தூங்கியிருக்குமா, புள்ள சாப்பிட்டிருக்குமா என்று என்னிடம்தான் கேட்பாள். நானும் பதில் சொல்வேன்.

ஆறாம் நாள் அவள் கடைத்தெருவுக்குப் போய் ஒரு சின்ன மரத்தொட்டில் வாங்கிக்கொண்டு வந்து மாதா கோயிலில் கட்டினாள். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். உனக்கு எதற்கு இது, இன்னொரு கல்யாணமா பண்ணப்போகிறாய் என்று கேலி செய்தேன். "எனக்கு இல்லக்கா. ஒங்களுக்குத்தான் கேட்டேன். ஒங்க மாதா ஒங்களுக்கு ஒரு புள்ளயக் குடுக்கட்டும்" என்றாள். அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம், அவளே கேட்டுவிட்டாள், மாதாவும் கொடுத்துவிட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அவள் அந்தத் தொட்டிலைக் கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே நான் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருந்தேன். அதில் இங்கிலீசில் ஒரு கேள்வி இருந்தது. போய்த் திரும்புகிறவரா, ஒரேயடியாகப் போகிறவரா என்று. என் படிவத்தில் திரும்புகிறவர் என்று எழுதினேன். பூரணியுடையதில் ஒரேயடியாகப் போகிறவர் என்று எழுதினேன். அடுத்த வரியில் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதினேன். பிள்ளைமடுவத்துப் பெஞ்சில் வைத்துத்தான் எழுதினேன், அழகம்மா என் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். பூரணி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து, விரலைச் சேலையில் துடைத்து மையில் வைத்து நாட்டினாள். "ஒங்களுக்குத்தான் அக்கா எத்தன சிரமம்" என்றாள்.

திரும்பி வரும்போது, கப்பல் ஏறுமுன் மண்டபம் முகாமில் காகிதம் பார்க்கிற மேசையில் அவளை நிறுத்தினார்கள். அந்த மனுசர் நல்லவர், தன்மையாகத்தான் பேசினார்.

"இந்தம்மா ஒரேயடியா வந்தவங்க. கப்பல் ஏற முடியாதும்மா."

பூரணி சிரித்தாள். "இல்லீங்க ஐயா. எம்புள்ள அங்கதான இருக்கு."

"பிள்ளை இல்லேன்னுல்ல எழுதியிருக்கு. இது ஒங்க கைநாட்டுதானே?"

அவள் தன் பெருவிரலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்க."

அப்போதுகூட நான் சொல்லியிருக்கலாம். கை தவறி எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாலு நாள் தாமதமானாலும் ஏதாவது வழி பிறந்திருக்கும். நான் அவளுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடல் மணல் ஒட்டியிருந்தது. "ஆபீஸ்ல ஏதோ தப்புப் பண்ணிட்டானுங்க பூரணி. நான் போயி தொரைகிட்டச் சொல்லிச் சரிபண்ணுறேன். நீ அழாம இரு" என்றேன்.

அவள் அழவில்லை. என்னை நம்பினாள். சிப்பி முடிச்சை என் கையில் கொடுத்து, "புள்ளைய அழ விடாதீங்க அக்கா, நான் ரெண்டு வாரத்துல வந்துருவேன்" என்றாள். கப்பலில் எனக்கு வாந்தி வந்தது. அலையினால் என்று பக்கத்தில் இருந்தவர்கள் எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள்.

தோட்டத்தில், பூரணி சொந்தக்காரர்களைக் கண்டு அங்கேயே இருந்துகொண்டாள், பிள்ளையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றேன். ஆபீஸ் புத்தகத்திலும் அவள் பேரை வெட்டியிருந்தார்கள், அதனால் எல்லாரும் நம்பினார்கள். அந்தோனிமுத்து மட்டும் ஒரு தடவை கேட்டார். "பச்சப் புள்ளைய விட்டுட்டு அவ எப்புடி இருப்பா?" இருக்கிறாளே என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. கேட்காமலேயே போன வருஷம் செத்தும் போனார்.

பூரணி மண்டபத்தில் ஒரு கருவாட்டுக் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே இருந்த ஒரு வாத்தியார் அவளுக்காகக் கடுதாசி எழுதினார். தொரையிடம் சொன்னீர்களா அக்கா, என்ன சொன்னார், பிள்ளை என்னைத் தேடுகிறதா. முதல் வருஷத்தில் ஏழு கடுதாசி. லயத்துக்கு வருகிற கடுதாசி எல்லாம் என் கையில்தான் வரும், ஆகவே யாருக்கும் தெரியாது. பிள்ளை அவளைத் தேடியது. நாலு மாதம், பொழுதிறங்கினால் படலுக்குப் போய் நின்றது. பிறகு நிற்கவில்லை.

எட்டாவது கடுதாசியில், இனிப் பொறுக்க முடியாது, தோணிக்காரன் ஒருத்தனைப் பிடித்திருக்கிறேன், கள்ளத்தனமாக ஏறி வருகிறேன் என்று எழுதியிருந்தாள். அப்படி வந்து தோணி கவிழ்ந்து செத்தவர்கள் எத்தனையோ பேர். பிடிபட்டு அடிபட்டவர்கள் அதைவிட அதிகம். அவள் கடலில் சாவதை நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, அழகம்மா வயிற்றுப்போக்கில் இறந்துவிட்டாள், நம் கல்லறைத் தோட்டத்தில் நல்லபடியாக அடக்கம் செய்துவிட்டோம் என்று எழுதினேன். அவள் தோணி ஏறவில்லை. அவள் உயிரைக் காப்பாற்றினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடுதாசியைப் போட்ட பிறகு பிள்ளையை அழகம்மா என்று கூப்பிட எனக்கு நாக்குக் கூசியது. அதனால்தான் ஞானஸ்நானம் கொடுத்துத் திரேசா ஆக்கினோம். உங்களுக்கு முன் இருந்த சாமி தாயின் பேரைக் கேட்டபோது தெரியாது என்றேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதுதான் அவளுடைய கடைசிக் கடுதாசி. அதை மட்டும் வைத்திருக்கிறேன். கடைசி நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களே அக்கா, பெத்தவள் இல்லாத குறை தெரிந்திருக்காது, அது போதும் என்று எழுதியிருந்தாள். ஒரே ஒரு உபகாரம் கேட்டிருந்தாள். கல்லறைத் திருநாளில் உங்கள் ஆட்கள் மெழுகுதிரி ஏற்றுவார்களாமே, என் பிள்ளையின் குழியில் வருஷா வருஷம் ஒன்று ஏற்றுங்கள், அது இருட்டுக்குப் பயப்படும் என்று.

சாமி, கை தவறி எழுதவில்லை. யாரும் சொல்லியும் செய்யவில்லை. தெரிந்தே செய்தேன். உயிரோடு இருக்கிற தாயிடமிருந்து பிள்ளையைத் திருடினேன், பிள்ளை உயிரோடு இருக்கும்போதே தாயிடம் அதைக் கொன்றேன். திரேசாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் இதையும் எழுதிவைக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தின் கீழ்க்கோடியில், பேர் எழுதாத ஒரு சின்னக் குழி இருக்கிறது. எட்டு வருஷமாக நவம்பர் இரண்டாம் தேதி அங்கே மெழுகுதிரி ஏற்றுகிறேன். மலைக்காற்றில் சுடர் நிற்காது. திரேசாதான் குந்தி உட்கார்ந்து, அணையும்வரை இரண்டு கையாலும் அதை மறைத்துப் பிடித்துக்கொள்கிறாள். இது யாருடைய குழி அம்மா என்று என்னைக் கேட்டாள், ஒரு சின்னப் பிள்ளை என்று சொன்னேன். மழை பெய்த வருஷத்திலும், நான் காய்ச்சலாகக் கிடந்த வருஷத்திலும்கூட விடவில்லை. இந்த ஒரு காரியத்திலாவது பூரணியை நான் ஏமாற்றவில்லை.