வெள்ளத்தாய் மறைப்பு

பாம்புக்குப் பயப்படலாம், இடிக்குப் பயப்படலாம். தன் வயித்துக்கே பயந்து நடுங்கின பொம்பளையைப் பத்திக் கேட்டிருக்கியளா?

அந்தக் காலத்துல கடலோரமா சங்குமுனைன்னு ஒரு ஊரு. ஊருக்குக் கிழக்கே கண்ணுக்கெட்டின மட்டும் உப்பளம். மரம் கிடையாது, புதர் கிடையாது, ஒதுங்க ஒரு கல்லு கிடையாது. வெள்ளை, வெள்ளை, ஒரே வெள்ளை. அந்த அளத்துல உப்பு சுமந்தவதான் வெள்ளத்தாய்.

அவளுக்குத் தலைப்பிரசவம் ரெண்டு பகல், ரெண்டு ராத்திரி இழுத்துச்சாம். கொழுகொழுன்னு பொட்டப்பிள்ளை. பெத்ததுல சதை கிழிஞ்சு போச்சு. "கிழியாம எவ பெத்தா?"ன்னு மாமியா சொல்லிட்டா. நாப்பது நாள் கழிச்சுப் பனைப்பொட்டியைத் தூக்கிட்டு அளத்துக்கு வந்துட்டாளாம்.

வந்த மூணாம் நாள். தலையில உப்பு, முன்னால வரிசையா ஆளு. வயித்துல ஒரு முட்டு முட்டுச்சு. அடக்குவோம்னு நினைக்கிறதுக்குள்ள பேதியாட்டம் கால் வழியா இறங்கிருச்சு. நல்லவேளை, அவதான் கடைசி ஆளு. வழுக்கி விழுந்தவ கணக்கா, பக்கத்துல ஓடுற கழிவு வாய்க்கால் தண்ணியில தொப்புன்னு உக்காந்துட்டாளாம். "ஏட்டி, கண்ணு எங்க இருக்கு?"ன்னு முன்னால போனவ சிரிச்சா. இவளும் சிரிச்சா. உள்ளதை மட்டும் சொல்லலை.

ஏன்னா அந்த அளத்துல ஒரு கட்டுப்பாடு உண்டாம். உப்பு மகாலட்சுமி. அதுல அசிங்கம் பட்டா, மலை மாதிரி குவிச்ச அம்பாரம் அம்புட்டையும் கடல்ல தள்ளணும். பட வச்சவ சாகுற மட்டும் அளத்துல கால் வைக்கக் கூடாது. ஊரே வெயில்ல வெந்து வாரின உப்பு தன்னால போச்சுன்னா, எந்த மூஞ்சியோட ஊருக்குள்ள இருக்க?

அவ என்ன செஞ்சா? தின்னாத்தானே வரும்னு சோத்தைக் குறைச்சா. குடிச்சாத்தானே இளகும்னு தண்ணியைக் குறைச்சா. வறுத்த மாவு, அதுலயும் ஒரு பிடி. நாலு நாள் ஒண்ணும் வரலை. அஞ்சாம் நாள்ல இருந்து சொல்லாமக் கொள்ளாமக் கசிய ஆரம்பிச்சுது. பழந்துணியை மடி மேல மடியா வச்சுக் கட்டினா. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துப் பாத்து நின்னா. புருசன் கிட்ட வந்தாலும் விலகினா. மாருல பால் வத்தி, பிள்ளை கத்தோ கத்துன்னு கத்துச்சாம்.

அந்தச் சத்தம் கேட்டு வந்தா மருத்துவச்சி உலகாயி.

"ஏட்டி, பாலு எங்க போச்சு? நீ திங்கியா இல்லியா?"

"திங்கேன் அத்தை."

"பொய் சொல்லாத. இங்க வா."

"கிட்ட வராதீய அத்தை!"

உலகாயி மூக்கை உறிஞ்சினா. கதவைச் சாத்தினா. "எத்தனை நாளா?"

வெள்ளத்தாய் வாயைப் பொத்திக்கிட்டு அழுதாளாம்.

"சவமே, இதுக்கா பட்டினி கிடந்தே? இறுகினது உள்ள கல்லாட்டம் கிடக்கு. அதைச் சுத்தித் தண்ணி கசியுது. வாய்க்கால் அடைச்சா வரப்போரமா ஒழுகாதா? அளத்துக்காரிக்கு இது தெரியலையே! கிழிஞ்ச சதைக்கு இறுக்கிப் பிடிக்கப் பெலமில்லை. நீ செஞ்ச பாவம் ஒண்ணும் இல்லட்டி."

வெந்நி, கீரை, பழம்னு கொடுத்து மெதுவா அடைப்பை இறக்கினா. காலையில சூடாக் கஞ்சி குடிச்ச கையோட, வந்தாலும் வராட்டாலும் போய் உக்காருன்னா. "காத்தை அடக்குத மாதிரி இறுக்கு. அஞ்சு எண்ணு. விடு. திரும்ப இறுக்கு"ன்னா. வெள்ளத்தாய் பால் கொடுக்கையில இறுக்கினா, மாவாட்டையில இறுக்கினா.

"முழுசாச் சரியாயிருமா அத்தை?"

"சத்தியம் பண்ண மாட்டேன். ஒதுங்கப் போற மட்டுக்கும் தாக்குப்பிடிப்பே."

"ஒதுங்க இடம் எங்க இருக்கு?"



மூணு மாசம் போச்சு. அம்பாரம் ஏத்துற கடைசி நாள். பாதி வழியில வந்துச்சு அந்த முட்டு. இறுக்கினா. ஒண்ணு, ரெண்டு, மூணு... நின்னுச்சு! ஆனா எங்க போக? இன்னும் பத்து எட்டு வச்சா அம்பாரம். அப்படியே நின்னுட்டாளாம். பின்னால வரிசையும் நின்னுச்சு.

"எவட்டி அவ நிக்கது? நட!"ன்னாரு கங்காணி.

வெள்ளத்தாய் பொட்டியை இறக்கி, பின்னால வந்த மூக்காயி கையில வச்சா. "மதினி, நான் ஒதுங்கணும். பெத்ததுல இருந்து என்னால ரொம்ப அடக்க முடியாது." அம்புட்டுப் பேரு காதுலயும் விழுந்துச்சு. அவ ஓடலை, ஓடினா பிடி விட்டுரும். ஒரு எட்டு, ஒரு இறுக்கு. ஒரு எட்டு, ஒரு இறுக்கு. அம்பாரம் மூடுறதுக்குன்னு, உப்பு படாத கரையில அடுக்கி வச்சிருந்த பனையோலைக்குப் பின்னால போய் உக்காந்தாளாம்.

"வெக்கங்கெட்டவ!"ன்னாரு கங்காணி.

மூக்காயி விட்டாளா? "விடியக்காலம் செம்பைத் தூக்கிட்டு நீரு எங்க போனீரு? கோயிலுக்கா?"

வரிசையே சிரிச்சுச்சு. சிரிப்பு அடங்கையில இன்னொருத்தி பொட்டியை இறக்கினா. "எனக்கும் போகணும்." அவ ஏழு வருசமாத் துணி கட்டிக்கிட்டு உப்பு சுமந்தவளாம். பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாதாம்.

அன்னைக்கு உப்பு சுத்தமா அம்பாரம் ஏறுச்சு. பொம்பளைக எல்லாருமாச் சேந்து கரையில நாலு கம்பு நட்டு ஓலை கட்டினாளுக. அதுதான் வெள்ளத்தாய் மறைப்பு. இன்னைக்கும் மொத ஓலை அதுக்கு, அப்புறந்தான் அம்பாரத்துக்கு. அந்த ஊருல பிள்ளை பெத்தவ வீட்டுக்கு நாப்பதாம் நாள், முன்னாடியே பெத்த இன்னொருத்தி போயி, "அடக்க முடியுதா?"ன்னு நேராக் கேக்குற வழக்கமும் அன்னைக்குச் சாயங்காலம் வந்ததுதானாம். வெள்ளத்தாய் உலகாயி வீட்டுக்குப் போயி, அவ கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாளாம்:

"அத்தை, தெக்குத் தெரு பிச்சம்மாளுக்கு இது நெறமாசம். பெத்து எந்திரிச்சதும் என்னையும் கூட்டிட்டுப் போங்க. நான் கேக்குதேன். என்கிட்டன்னா அவ பொய் சொல்ல மாட்டா."