நிமிஷத்துக்குப் பதினோரு வார்த்தை

...அதான் ஷவோன், நான் அந்த டிரஸ்ட்டுக்காரங்களத்தான் சொல்லுவேன், வேற யாரையும் சொல்றதுக்கில்ல. லாண்டரின்னா துணி தொவைக்கிற எடம். அதுக்குள்ள கொண்டாந்து பள்ளிக்கூடத்த வச்சா என்னத்துக்கு ஆகும்? உக்காரு, உக்காரு. ஒன் துணி ஒம்பதாம் நம்பர்ல சுத்திட்டிருக்கு. இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம். நீ நின்னாலும் முப்பத்தஞ்சுதான், உக்காந்தாலும் முப்பத்தஞ்சுதான். ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில நின்ன காலு, கொஞ்சம் நீட்டு. ஒம் மக கிமோரா அந்தா கார்பெட்ல இருக்கா, எங்கயும் போகமாட்டா. நான் பாத்துக்கறேன்.

அந்தக் கார்பெட்டயே எடுத்துக்கோயேன். முன்னாடி அங்க என்ன இருந்துச்சு? சிப்ஸ் மிஷின். நல்லா ஓடிட்டிருந்த மிஷின். அதத் தூக்கி வெளிய போட்டுட்டு குட்டி அலமாரி, குட்டி நாற்காலி, எழுத்துப் போட்ட கார்பெட்டு. துணி காயற நேரத்துல புள்ளைங்க சும்மாதான உக்காந்திருக்கு, அந்த நேரத்துல படிக்கட்டும்னு டிரஸ்ட்டுல எவருக்கோ யோசனை வந்திருக்கு. யோசனை அவங்களுக்கு, கார்பெட்டக் கழுவறது எனக்கு. போன மாசம் எவ வீட்டுப் புள்ளயோ R மேல வாந்தி எடுத்து வச்சிருச்சு. வெந்நில போட்டு எடுத்தேன். R போயிருச்சு. இப்ப Q-க்கு அப்பறம் நேரா S-தான். புள்ளைங்க அப்படியே பாடுதுங்க, நான் என்ன பண்றது?

முதலாளிக்கு என்ன, போட்டோ புடிச்சு மாட்டிக்கிட்டாரு. "வெர்லீன், நீதான புள்ளைங்கட்ட நல்லாப் பேசுவ, நீயே படிச்சுக் குடு"ன்னுட்டாரு. நாப்பது வருஷமா துணி மடிக்கிறவ நான். அதுக்கு நாலு சனிக்கிழமை டிரெய்னிங்கு. நாலு சனிக்கிழமை, ஷவோன்! சர்ச்சுல பாட்டு ஒத்திகையெல்லாம் விட்டுட்டுப் போனேன். போனா என்ன சொல்லித் தர்றாங்க? புள்ள தப்பாப் படிச்சா "தப்பு"ன்னு சொல்லக் கூடாதாம். மனசுக்குள்ள அஞ்சு எண்ணணுமாம். அஞ்சு எண்ணிட்டு "இன்னொருவாட்டி பாப்பமா கண்ணு"ன்னு கேக்கணுமாம். எங்கம்மா என்னைய அஞ்சு எண்ணுற வரைக்கும் விட்டதே இல்ல. ரெண்டுக்கே கை வந்துரும்.

அப்பறம் அந்த ஹேட்லி. டிரஸ்ட்டுலருந்து வருதே, முடிய உச்சில கொண்ட போட்டுக்கிட்டு, அந்தப் பொண்ணு. நல்ல பொண்ணுதான், கொற சொல்லக் கூடாது. ஆனா எதச் சொன்னாலும் "அருமை"ம்பா. வாந்தியப் பத்திச் சொன்னேன், "அருமை, நீங்களே சமாளிச்சுட்டீங்க"ன்னா. இந்தக் கட்டடம் தீப்புடிச்சாலும் அருமைம்பா போல.

என்ன, மணியப் பாக்கற? முப்பத்திரெண்டு இருக்கு.

எதுக்கு இதெல்லாம் சொல்ல வந்தேன்... ஆங், அந்தப் புள்ளி. புத்தகத்து முதுகுல புள்ளி ஒட்டியிருக்கும், பாத்திருப்ப. செவப்பு, மஞ்சள், பச்ச, நீலம். செவப்புல ஆரம்பிச்சு நீலத்த முடிச்சிட்டா அந்தப் புள்ள இங்க பாஸ். பேப்பர் கிரீடம் வச்சு, கப் கேக் குடுத்து, கைதட்டி அனுப்பிருவாங்க. எங்க? ஆத்துக்கு அந்தப் பக்கம், டவுன்ல பெரிய ஹால் வச்சிருக்காங்கல்ல, அங்க. பஸ்ஸே வந்து ஏத்திட்டுப் போகும். வயலின் சொல்லித் தருவாங்க, தொலைநோக்கில நிலாவக் காட்டுவாங்க, மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போயி எலும்பக் காட்டுவாங்க. ஒருவாட்டி என்னையும் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, தொணைக்கு. இருவத்திரெண்டு புள்ளைங்களும் முழிச்சிருந்துச்சுங்க. நான்தான் தூங்கிட்டேன்.

இப்ப நீயே நியாயம் சொல்லு. ஒரு புள்ளய ஒண்ணுமில்லாம புடிச்சு, மூக்க ஒழுகவிட்டுட்டு வந்தத, ஒவ்வொரு எழுத்தா ஏத்தி, ஒரு வழியா நம்மகூட உக்காந்து படிக்கிற அளவுக்குக் கொண்டாந்தா, கேக்கக் குடுத்துக் கூட்டிட்டுப் போயிடறாங்க. அந்த நாற்காலில அடுத்த புள்ள. இப்ப ஒருத்தன் வர்றான். நாலு வயசு. புத்தகத்து மூலையக் கடிக்கிறான். படிக்கிறதுக்கு முன்னாடி ருசி பாக்கறான் போலன்னு நானும் விட்டுட்டேன். ஒரு மாசமா ருசிதான் பாத்துட்டிருக்கான்.

கிமோரா அப்படியில்ல. அவ செவப்பு மஞ்சளெல்லாம் ஒரு மூச்சுல முடிச்சிட்டா. கிறிஸ்மஸ் வர்றப்பவே பச்ச. அலமாரில பச்ச தீந்துபோச்சு, நீலம் இன்னும் வரலன்னு அந்தப் பெரிய மிஷினுக்கு வந்த ரிப்பேர் புத்தகத்த எடுத்து எனக்குப் படிச்சுக் காட்டுவா. "தண்ணீர் வடியும் முன் கதவைத் திறப்பவர் அதன் விளைவுகளுக்குத் தாமே பொறுப்பு"ன்னு, அப்படியே ஜட்ஜம்மா கணக்கா... நான் சிரிச்சா "சிரிக்காதீங்க மிஸ் வெர்லீன், இது பாதுகாப்பு"ம்பா.

என்ன அப்படிப் பாக்கற?

அது... அது கிறிஸ்மஸுக்கு. இப்ப இல்ல. சோப்பு போதுமா இருந்துச்சா ஒனக்கு? இந்தப் புது சோப்புல நொரையே வரமாட்டேங்குது.

எல்லாம் அந்தக் கடிகாரக்காரம்மாவால வந்தது ஷவோன். எட்டு வாரத்துக்கு ஒருவாட்டி டிரஸ்ட்டுலருந்து வருவாங்களே, ஒல்லியா ஒருத்தங்க. புள்ள முன்னாடி கடிகாரத்த வச்சு ஒரு நிமிஷம் படிக்கச் சொல்லி, எத்தன வார்த்தைன்னு எண்ணுவாங்க. அது சரியா வந்தாத்தான் கிரீடமும் கேக்கும். படிக்கிறதென்ன பந்தயமா? நான் பைபிள்ல ஒரு வசனத்த ஒரு வாரம் படிப்பேன். ஜனவரில வந்தப்ப கிமோரா எம்பத்தி நாலு வார்த்தை. மார்ச்ல வந்தா பதினொண்ணு. பதினொண்ணு! ஹேட்லிக்கு மொகமே செத்துப்போச்சு. அன்னைக்குத்தான் அவ வாயில அருமை வரல.

அப்பறம் ஒனக்கே தெரியும். கண்ணப் பாக்கணும்னாங்க, ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போன. கண்ணு கழுகு மாதிரி இருக்குன்னுட்டாரு டாக்டரு. காதப் பாக்கணும்னாங்க, இன்னொரு நாள். காதும் நல்லாருக்கு. மே மாசம் மறுபடி கடிகாரம், ஒம்பது வார்த்தை. நீ அன்னைக்கு இதே பெஞ்சுல உக்காந்து, "மிஸ் வெர்லீன், வயித்துல இருக்கறப்பவும் நைட் ஷிப்ட் பாத்தேனே, அதனால எதுவும் ஆயிருக்குமா"ன்னு கேட்ட. நான் என்ன சொன்னேன்? மிஷினு நின்னுருச்சு, பாத்துட்டு வர்றேன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். மிஷினு நிக்கல ஷவோன். நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு.

ஸ்கூல்லருந்து வந்த பேப்பர் பைக்குள்ளதான இருக்கு? எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத, சொல்றேன். கையெழுத்துப் போட்டுட்டியா? இல்லல்ல? நாளைக்குத்தான குடுக்கணும். போடாத. மறுபடியும் ஒண்ணாங்கிளாஸும் வேணாம், படிக்க வராத புள்ளைங்களப் போடுற அந்தத் தனி ரூமும் வேணாம். போடாத.

ஏன்னா... இந்தாரு, நான் ஒண்ணும் பெருசா சொல்லிடல. மார்ச்ல அந்தம்மா வர்றதுக்கு மொத நாளு, நீலத்துல கடைசிப் புத்தகத்த முடிச்சிட்டா. நாளைக்குக் கடிகாரம், நாளான்னைக்குக் கேக்கு. நான் சும்மா, பேச்சுவாக்குல, "ரொம்ப வேகமாப் படிக்காதடி"ன்னேன். அவ்வளவுதான்.

அவ்வளவு இல்ல.

பெரிய வார்த்தை வந்தா நில்லுன்னேன். நின்னு மேல கூரையப் பாருன்னேன். விரலக் கீழ் வரிக்குக் கொண்டுபோயிட்டுத் திருப்பி மேல கொண்டுவான்னேன். ஒரு தடவ நடிச்சும் காமிச்சேன். கொஞ்சம் வார்த்தை கொறையும், இன்னும் எட்டு வாரம் நம்மகூட இருப்பான்னு நெனச்சேன். ஒம் மக அதுல என்னையவிடக் கெட்டிக்காரியா இருப்பான்னு நான் கண்டேனா? பதினொண்ணுக்குப் போயி நின்னுட்டா. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொன்னா, அவ சோத்தையும் சேத்து மறைச்சிட்டா.

அன்னைக்கே சொல்லியிருக்கணும். ஹேட்லி அழுவற மாதிரி நிக்கறப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா இந்த ஏப்ரனக் கழட்டச் சொல்லுவாங்க, செவ்வாயும் வியாழனும் புள்ளைங்க படிக்க வர்ற நாலு மணிக்கு நான் என்ன பண்ணுவேன்? வீட்டுக்குப் போனா டிவி பேசும், நானும் பேசுவேன், ரெண்டு பேரும் ஒருத்தர் சொல்றத ஒருத்தர் கேக்கறதில்ல. இவ ஒருத்திதான் நான் பேசுனாக் கேட்டுட்டுத் திருப்பிக் கேள்வி கேப்பா. அதுக்காக ஒரு புள்ளயக் கொண்டுபோயி... எனக்குத் தெரியும். நீ சொல்ல வேணாம். எனக்கே தெரியும்.

வீட்ல சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லல. அவளாதான்...

சொன்னேன். "அம்மாட்டயும் சொல்லாத, அம்மா டிரஸ்ட்டுல சொல்லிரும்"னு சொன்னேன்.

அதான் மார்ச்சுக்கு அப்பறம் நீ மொதமொதல்ல படிக்கச் சொல்லிக் கேட்டப்ப ஒன்கிட்டயும் திக்கித் திக்கிப் படிச்சிருக்கா. ஸ்கூல்லயும் அதே. டிரஸ்ட்டும் ஸ்கூலும் பேசிக்குவாங்கல்ல மிஸ் வெர்லீன், ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி இருந்தாத்தான நம்புவாங்கன்னு என்கிட்டயே வெவரம் சொல்றா. ஆறரை வயசு.

போன வியாழக்கெழம வந்தா. பையிலருந்து அந்தப் பேப்பர எடுத்தா. டீச்சர் மூடி ஒட்டித்தான் குடுத்திருக்காங்க, பிரிச்சிட்டா. என் பக்கத்துல உக்காந்து மேலருந்து கீழ வரைக்கும் படிச்சா ஷவோன். ஒரு எடத்துல நிக்கல. "வயதுக்குரிய வாசிப்புத் திறன் இல்லாததால் இம்மாணவியை"ன்னு, அந்த வக்கீல் பேச்செல்லாம் தண்ணி மாதிரிப் படிக்கிறா. படிக்கத் தெரியாதுன்னு எழுதுன பேப்பர அவளே படிச்சு முடிச்சிட்டு, மடிச்சு, ஒறைக்குள்ள வச்சு, நாக்கால ஒட்டிட்டு என்னையப் பாத்துக் கேக்கறா. "இன்னும் எத்தன நாளைக்கு மிஸ் வெர்லீன், எனக்குத் தெரியாம இருக்கணும்?"

அஞ்சு எண்ணுனேன். டிரெய்னிங்ல சொன்ன மாதிரி. அஞ்சு முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயி, சுத்தமா இருந்த மிஷினத் தொடைச்சிட்டு நின்னேன்.

...திட்டேன் ஷவோன். நாலு வார்த்தை திட்டிட்டாவது போ. ஏன் எந்திரிக்கிற? துணி ஈரமாத்தான் இருக்கு. இன்னும் பதினேழு நிமிஷம்... சரி. நீ துணிக்காகப் போகல. அந்தப் பேப்பரா? இங்கயா? என்கிட்ட எதுக்குப் பேனாவக் குடுக்கற, நான் அவளுக்கு யாரு, நான் எப்படிக் கையெழுத்து...

ஓ. பின்பக்கம்.

எழுதறேன். குடு. எல்லாத்தையும் எழுதணுமா? ஸ்கூலுக்கும் டிரஸ்ட்டுக்கும் சேத்தா? சரி. சரி, தேதி போட்டு எழுதறேன். கொஞ்சம் தள்ளி நில்லேன், ஒம் மூச்சு என் காதுல விழுது. "நான், வெர்லீன் டப்ஸ், இந்த லாண்டரில வேலை பாக்கறவ. கிமோராவுக்கு நல்லாப் படிக்கத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கச் சொன்னது நான்தான். மார்ச் மாசத்துலருந்து..." மே மாசமும் நான்தான் சொன்னேன்னு போடணும்ல? போடறேன். ரெண்டுவாட்டின்னு போட்டுட்டேன். அவள அந்த டவுன் ஹாலுக்குச் சேத்துக்கங்கன்னும் போட்டிருக்கேன். கேப்பாங்களோ என்னமோ, பஸ்ல எடமிருக்கோ என்னமோ. கீழ கையெழுத்து.

இந்தா, படிச்சுப் பாத்துக்கோ.

ஏன், நீ படிக்கலயா? கண்ணு தெரியலயா? இந்தா, ஏப்ரன்லயே தொடைச்சுக்கோ, சுத்தமாத்தான் இருக்கு... யாரக் கூப்புடணும்? அவளையா? இதையா? என்னையப் பத்தி எழுதியிருக்கறத அந்தப் புள்ள வாயாலயா?

சரி. நியாயந்தான்.

கிமோரா. ஏ கிமோரா, அந்தப் புத்தகத்த வச்சிட்டு இங்க வா. பயப்படாத, அம்மாவுக்கு எல்லாம் தெரியும், நான் சொல்லிட்டேன். இந்தா இதப் புடி. மேலருந்து படி, சத்தமா. கூரையப் பாக்காத, என்னையும் பாக்காத. ஒனக்கு வர்ற வேகத்துல படி கண்ணு, உங்கம்மா இன்னும் கேட்டதே இல்ல.