உபதபாலதிபர் தேடிய ஏழாவது பிள்ளை

தலைவர் தியாகராசா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு, வழிநெடுக ஆமிச் சென்றிகளில் சோதனைக்கு இறங்கி ஏறி இந்த வாசிகசாலைக்கு வந்து சேர்ந்திருக்கும் கரவெட்டி மக்களே, வெளியூர் அன்பர்களே, வணக்கம்.

ஐந்து மணிக்கு ஊரடங்கு. எனக்கு முன் பேசிய மூவருக்கும் அது மறந்துபோயிற்று. எனக்கு மறக்கவில்லை. தலைவர் அவர்களே, மணியை அடிக்க வேண்டாம், அடித்தாலும் நான் முடிக்காமல் இறங்கப் போவதில்லை.

அமரர் திருமதி பாலேஸ்வரி இராசநாயகம் அம்மையார்! எங்கள் உபதபாலதிபர்! நேற்றுக் கீரிமலையில் அவருடைய அந்தியேட்டி முடிந்தது. முப்பத்தொரு நாள்கள் போய்விட்டன. இந்த முப்பத்தொரு நாளும் நான் ஒழுங்காக நித்திரை கொண்டதில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

எண்பத்து மூன்றுக்குப் பிறகு இந்தக் கரையிலிருந்து எத்தனை வள்ளங்கள் இந்தியாவுக்குப் போயின! எல்லா வள்ளத்திலும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இருந்தார்கள். பெற்றவர்கள் இல்லாமலா? இருந்தார்கள், கரையில் நின்றார்கள். வள்ளத்தில் இடம் இல்லை. “பிள்ளையை ஏத்துங்கோ, நாங்கள் அடுத்த வள்ளத்திலை வாறம்” என்றார்கள். அடுத்த வள்ளம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளைத் தேடும்படி அம்மையாருக்கு எந்த அரசாங்கம் உத்தரவு போட்டது? எந்தச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது? ஒன்றுமில்லை. ஒருநாள் முத்திரை வாங்கப் போன என்னிடம் சொன்னார்: “மாஸ்டர், விலாசம் இல்லாத கடிதத்தைத் திருப்பி அனுப்பலாம். விலாசம் இல்லாத பிள்ளையை எங்கை திருப்பி அனுப்புறது?”

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. புதிதாக ஓர் ஆளைக் கண்டால் விடமாட்டோம். “எவடம்? ஆற்றை பிள்ளை? எந்தக் கோயிலடி? தாய் எந்தப் பகுதி?” கேள்வி கேட்டே ஆளை உரித்துவிடுவோம். எத்தனை பேரை இந்தக் கேள்விகளால் வாசலிலேயே நிறுத்தி அவமானப்படுத்தியிருக்கிறோம்! சிரிக்காதீர்கள், நீங்களும் நானும் செய்ததுதான். அம்மையார் அதே கேள்விகளைக் கையில் எடுத்தார். பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுவர அவற்றைக் கேட்டார்.

மண்டபம் முகாமில் நான் அகதியாக இருந்த காலத்தில் அங்குள்ள பிள்ளைகளிடம் ஊர் பேர் கேட்டு அம்மையாருக்கு எழுதி அனுப்புவது என் வேலை. ஒரு பொடியனுக்கு ஊர்ப்பெயர் தெரியவில்லை. “எங்கடை கோயில் மணி வெடிச்சுப்போச்சு, அடிச்சால் தகரம் மாதிரிக் கேக்கும்” என்றான். வேறொன்றும் தெரியவில்லை. அம்மையார் அதை ஒரு துண்டில் எழுதித் தபால் பையோடு ஒவ்வொரு தபாற்கந்தோருக்கும் அனுப்பினார். பத்தாம் நாள் தென்மராட்சியிலிருந்து தபாற்காரர் இளையதம்பி பதில் எழுதினார்: “அக்கா, மணியும் இருக்குது, தாயும் இருக்கிறா.” இப்படி எத்தனை பிள்ளைகள்! அவர் என்றைக்காவது மேடை ஏறி அதைச் சொன்னாரா? மாலை வாங்கினாரா? இன்றைக்குத்தான் படத்துக்கு மாலை போட்டிருக்கிறோம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எண்பத்தைந்தில் நான் போன வள்ளத்தில் தனியாக வந்த பிள்ளைகள் ஏழு பேர். இந்தியக் கரையில் பதிவு நடந்தது. தனியாக வந்த பிள்ளை என்றால் எங்கோ ஒரு விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள், பிறகு கண்டுபிடிக்க முடியாது என்று வள்ளத்திலேயே கதைத்துக்கொண்டார்கள். நான் ஏழு பேரையும் காட்டி “எல்லாம் என்ரை பிள்ளையள்” என்றேன். ஒரே வயதில் மூன்று பேர்! எழுதியவர் தலை நிமிரவில்லை. நல்லது செய்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டேன். ஆனால் என்ன நடந்தது? பெற்றவர்கள் தங்கள் பெயரைச் சொல்லித் தேடினார்கள். பதிவிலோ தகப்பன் பெயர் ஆழ்வாப்பிள்ளை, என் பெயர்! ஒரு வருடம் அந்தப் பிள்ளைகளை யாராலும் காண முடியவில்லை. பிறகு அம்மையாருக்கு உண்மையை எழுதினேன். ஒவ்வொருவராகத் தாய் தகப்பனைக் கண்டுபிடித்தார். ஆறு பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஏழாவது பிள்ளையைப் பற்றி நான் எழுதவில்லை.

எனக்கும் என் மனைவி சிவக்கொழுந்துக்கும் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் தை மாதம் இந்தியாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்தபோது ஒரு பெண் குழந்தையோடு வந்தோம். திருகோணமலையில் செத்துப்போன மைத்துனியின் பிள்ளை என்றேன். நம்பினீர்கள். அம்மையார் நம்பவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார், பிள்ளையை மடியில் இருத்தினார். “உங்கடை வீட்டு வாசலிலை நிண்டால் என்ன தெரியும், குஞ்சு?” என்று கேட்டார்.

“தண்ணி. தண்ணிக்குள்ளை நிறையத் தடி நட்டிருக்கும். அப்பு வலை கட்டுவர்.”

அவர் புறப்பட்டபோது வாசல் படலை வரை நான் கூடப் போனேன். அங்கே நின்று கேட்டார்: “மாஸ்டர், களப்பிலை உப்பிடித் தடி நட்டு வலை கட்டுறது திருகோணமலையிலோ, அரியாலையிலோ?”

“சின்னப் பிள்ளையின்ரை கதை, அக்கா.”

“ஓம். சின்னப் பிள்ளையள் பொய் சொல்லப் பழகேல்லை. நான் திங்கக்கிழமை வாறன், நீங்கள் யோசிச்சு வையுங்கோ.”

ஞாயிறு விடிய அம்மையாருக்கு நெஞ்சுவலி. ஊரடங்கு நீங்கி ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கமுன் எல்லாம் முடிந்துவிட்டது. செய்தி கேட்டு நான் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை எதைக் கொண்டு கழுவுவேன்? சபையோரே, நீங்கள் சொல்லுங்கள்!

அரியாலையிலிருந்து வந்து, அதோ தூணோடு ஒதுங்கி இருக்கிறார் நல்லம்மா. இரண்டு வருடமாக மாதம் தவறாமல் அம்மையாரிடம் வந்து “ஏதும் கடிதம் வந்ததோ?” என்று கேட்டவர். கேட்பதற்கு ஆள் இல்லாமல் போன பிறகும் இன்று வந்திருக்கிறார். சபையோரே, அந்தப் பிள்ளை என் மைத்துனியின் பிள்ளை அல்ல. நாங்கள் அவளுக்கு வைத்த பெயரை இங்கே சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவள் பெயர் ஞானாம்பிகை. நல்லம்மாவின் மகள்.

கூச்சல் போடாதீர்கள். ஏசுவதற்கு நாளை முழுவதும் இருக்கிறது, வீட்டு வாசலில் வந்து ஏசுங்கள், கேட்கிறேன். தேடும் பிள்ளைகளின் பெயரை அம்மையார் எழுதி வைத்த கொப்பியில் இன்னும் பதினொரு பிள்ளைகள் காணப்படாமல் இருக்கிறார்கள். அதை என்னிடம் தர உங்களுக்கு மனம் வராது, எனக்குத் தெரியும். யாரிடமாவது கொடுங்கள். கடிதம் சுமக்கிற வேலையையாவது எனக்குத் தாருங்கள். அவர் போல நேர்மையாக இருப்பேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அவர் வேலை நிற்காது, அதற்கு என் உயிர் உள்ளவரை உழைப்பேன் என்று மட்டும் இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன்.

சிவக்கொழுந்து காலையிலேயே பிள்ளையின் உடுப்புகளை மடித்து வைத்துவிட்டாள். ஒன்றை மடிப்பாள், உதறுவாள், திரும்ப மடிப்பாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மணி நாலே கால். நல்லம்மா, எழும்புங்கோ. வீடு கிட்டத்தான். பிள்ளை உங்களைப் பாத்திட்டு, “அப்பா, இது ஆர்?” எண்டு என்னட்டைக் கேப்பாள். நான்தான் சொல்லவேணும். வாங்கோ.