மாப்பிள்ளை போட்ட தரை

குளியலறைக்கு வெள்ளை நிறம் எடுக்கக்கூடாது, ஐயா. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு முடி உதிர்ந்தாலும் கண்ணில் படும். நீங்கள் வீடு கட்டும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லி இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

உட்காரச் சொன்னீர்கள், டீயும் வரவழைத்தீர்கள். நன்றி. போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானாக நடந்து வருகிறவனை எப்படி நடத்துவது என்று உங்களுக்கும் பழக்கம் இல்லை போலிருக்கிறது. என் பெயர் தாவீது. இதே கும்மிடிப்பூண்டியில் கம்பி ஆலையில் டைம் கீப்பர். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. கையில் எந்தத் திறமையும் தேவைப்படாத வேலை என்பதால் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதும் சரியில்லை. என் மாமனார் பத்துப் பேரைப் பார்த்து வாங்கிக் கொடுத்தார்.

அந்த மாமனார்தான் மோசஸ். போன மாதம் இறந்துபோனார். குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்ததாக உங்கள் ஸ்டேஷனிலும் எழுதி வைத்திருக்கிறீர்கள். வழுக்கி விழுந்தது உண்மை. மீதியைச் சொல்லத்தான் வந்தேன்.

மாமா ரயில்வேயில் கீமேன். திருவாலங்காடு பக்கம் தண்டவாளத்தின் மேலேயே நடந்து நடந்து, எங்கே ஆப்பு தளர்ந்திருக்கிறதோ அங்கே சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கிவிட்டுப் போவார். அவர் தட்டியது ரயிலில் போகிற யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற்றதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் மனைவி கிரேஸ் அவருக்கு ஒரே பெண். தாய் இல்லாத பெண்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. நான் ஒரு முறை கோழிக்கூட்டுக்குக் கதவு செய்தேன். கதவைத் திறந்தால் கூடும் சேர்ந்து வந்தது. மறுநாள் ஆலையிலிருந்து திரும்பிப் பார்த்தால் கதவு ஒழுங்காகத் திறந்து மூடுகிறது. சுவரில் நான் அடித்த ஆணி கடிகாரத்தோடு கீழே வந்தது. சாயங்காலம் அதே இடத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. என் சைக்கிள் செயின், நான் கட்டிய துணிக்கொடி, நான் வைத்த குழாய் எல்லாமே நான் இல்லாத நேரத்தில் சரியாகிவிடும். அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு ஆசீர்வாதம் வந்து, "கோழிக்கூடு சூப்பரா கீதே, யாரு செஞ்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்: "எங்க மாப்ள செஞ்சதுப்பா. அவரு கை ராசியான கை."

கிண்டல் இல்லை, ஐயா. அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். உண்மையாகவே சொன்னார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிரேஸ் மீன் குழம்பு வைத்திருந்தாள். நல்ல மீன், பழவேற்காட்டு மடவை. அது வீணானதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

எங்கள் வீட்டில் அப்போது குளியலறை கிடையாது. பின்பக்கம் ஓலைத் தடுப்பு ஒன்றுதான். சுற்றிலும் ஆலைகள் வந்து ஆள் நடமாட்டம் அதிகமாகிவிட்டது. மகள் ஓலை மறைவில் குளிப்பது மாமாவுக்குப் பொறுக்கவில்லை. தன் ரயில்வே பணத்தில் செங்கல் வைத்துக் குளியலறை கட்டினார். சுவர் எழும்பியதும் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, மெட்ராஸ்ல பெரிய ஊடுங்கள்ல எல்லாம் பீங்கான் டைல்ஸ் போட்டுக்கினு கீறாங்களாம். நம்ம கிரேசுக்கும் போடலாம். எனுக்கு அதெல்லாம் தெரியாது. நீங்க படிச்சவரு, நீங்களே பாத்து வாங்கிக்கினு வாங்க."

எனக்கு வாழ்க்கையில் முதல் முறையாக தீர்மானம் செய்யும் பொறுப்பு ஒன்று கிடைத்தது. பாசஞ்சர் ரயிலில் மெட்ராஸுக்குப் போனேன். எமர்ஜென்சி வருஷம், ரயில்கூட நேரத்துக்கு வந்தது. பிராட்வே பக்கம் ஒரு டைல்ஸ் கடை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவன் மாதிரி தலையை வாரிக்கொண்டு உள்ளே போனேன். நீலம், மஞ்சள், பூப்போட்டது என்று கடைக்காரர் எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. தெரிந்தவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று ஒரு நினைப்பு.

கடைசியில் பளபளவென்று ஒரு வெள்ளையைப் பிடித்துக்கொண்டேன். "சுவருக்கும் இதுவே, தரைக்கும் இதுவே" என்றேன்.

"தரைக்கு இது வேணாம் சார்" என்றார் கடைக்காரர். "இது செவுத்துக்குன்னே வர்றது. மேல கண்ணாடி மாதிரி பூச்சு கீது. தண்ணி பட்டா வழுக்கும். தரைக்கு சொரசொரப்பா வேற கீது, காட்றேன்."

"நன்றாகவே வழுக்குமா?" என்று கேட்டேன்.

"சோப்பு தண்ணி பட்டா நிக்கவே முடியாது சார். ஊட்ல வயசானவங்க கீறாங்களா?"

"இல்லை" என்றேன்.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று பல நாள் யோசித்தேன். நல்ல ரசனை உள்ளவன் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதிலிருந்து பின்வாங்கமாட்டான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு ரசனை உண்டு என்று முதலில் கண்டுபிடித்தவனும் நான்தான். எனக்குப் பிறகு வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

டைல்ஸ் ஒட்ட வந்த கொத்தனார் பெயர் கலியன். ஊறப்போட்ட கல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தவர் அதைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இது செவுத்துக் கல்லு. தரைல போட்டா ஆளு வுழுந்துடும். பெரியவரு கீறாரு, பாத்துக்குங்க."

"பெரியவர்தான் இது வேண்டும் என்கிறார்" என்றேன். மாமா அந்தப் பக்கம் மணல் சலித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தி, "மாப்ள சொல்றாருல்ல, போடுப்பா கலியா" என்றார்.

போட்டுவிட்டார்கள். வெள்ளை சிமென்ட் பூசித் துடைத்ததும் குளியலறை பால் மாதிரி மின்னியது. ஆசீர்வாதம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்துப் போனார். நான் வாசலில் நின்று டைல்ஸைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன்.

பிறகு காத்திருந்தேன். எதற்குக் காத்திருந்தேன் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது. நான் எப்போதும் கொஞ்சம் மெதுவு.

முதலில் வழுக்கி விழுந்தது யார் தெரியுமா? நான்தான். முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டு கண்ணை மூடியபடி ஒரு கால் எடுத்து வைத்தேன். அடுத்த நிமிஷம் மல்லாக்கக் கிடந்தேன். இடுப்பு எலும்பில் அடி. ஒரு கொலைகாரன் தன் பொறியில் தானே, அதுவும் துணியில்லாமல் விழுந்து, "மாமா, மாமா" என்று அலறியதை நீங்கள் எங்கும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அலறலைக் கேட்டு ஓடி வந்தவரும் அவர்தான். துண்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார். நான் எழுந்து நடக்கும்வரை தினமும் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தார். நாஷ்டாவைக்கூடப் படுக்கைக்கே கொண்டுவந்தார்.

கிரேஸ் சும்மா விடவில்லை. "நைனா, அந்தத் தரையப் பேத்துப் போட்டு வேற போடச் சொல்லு. ஒரே பேஜாரா கீது" என்றாள்.

"மெதுவா பேசும்மா. மாப்ள ஆசைப்பட்டு வாங்கினு வந்தது. பேத்தா மனசு கஷ்டப்படுவாரு. நான் பாத்துக்கறேன்."

அடுத்த அறையில் படுத்துக்கொண்டு கேட்டேன். அன்றுதான் முடிவு செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கடையில் அல்ல.

அவர் பார்த்துக்கொண்டது எப்படி என்றால், ஒரு கோணிப்பையைப் பிரித்து, ஓரம் தைத்து, குளியலறைத் தரையில் விரித்தார். கோணி ஈரத்தில் அப்பிக்கொள்ளும். கால் அசையாது. காலையில் எல்லோருக்கும் முன் எழுந்து அதை விரித்துவிடுவார். எல்லோரும் குளித்த பிறகு அலசிக் காயவைப்பார். தரை பளபளப்பாகவே இருந்தது, யாரும் விழவில்லை. வருகிறவர்களிடம் "மாப்ள போட்ட தரை" என்று காட்டினார். நான் ஒருவரைக் கொல்லப் போட்ட தரையைக்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் சரிசெய்து, பெருமையை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிரேஸ் காலை ஆராதனைக்குப் போய்விட்டாள். எனக்கு ஆலையில் ஷிப்ட் இருந்தது. மாமா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நான் குளித்து முடித்துக் கோணியைச் சுருட்டி வெளியே கொடியில் போட்டேன். துவைக்கிற சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தரை முழுக்கத் தேய்த்தேன். அலசவில்லை. நான் முழுதாகச் செய்யாத வேலைகளில் அது ஒன்றுதான் வேண்டுமென்றே பாதியில் விட்டது. பிறகு அடுப்பில் தண்ணீர் காயவைத்து, உள்ளே கால் வைக்காமல் எட்டி நின்று அண்டாவில் ஊற்றினேன்.

"மாமா, சுடுதண்ணி போட்டு வைத்திருக்கிறேன். ஆறுவதற்குள் குளித்துவிடுங்கள்" என்றேன்.

நான் அவருக்கு அதுவரை ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இன்னா மாப்ள, நீங்க போயி எனுக்குத் தண்ணி காயவச்சிக்கினு... இதோ போறேன், இதோ" என்று தீனித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அவசரம். என் சுடுதண்ணீர் ஆறிவிடக்கூடாது என்கிற அவசரம்.

சத்தம் கேட்டபோது நான் வாசலில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு ஷூவையும் கட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் எனக்கு முடிச்சு சரியாக விழாது. பிறகு போய்ப் பார்த்தேன். கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அவர் கூப்பிடவே இல்லை. ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டு, வண்டி பிடித்து, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தொடை எலும்பு இடுப்பருகே முறிந்திருந்தது. படுத்த படுக்கையாகி, நெஞ்சில் சளி கட்டி, சில வாரங்களில் போய்விட்டார்.

போவதற்குள் உங்கள் ஏட்டு வந்து விசாரித்தார். நான் வெளியே வராந்தாவில் இருந்தேன். ஏட்டு கிளம்பிய பிறகு மாமா என்னைக் கிட்டே வரச் சொன்னார். பேசுவதற்கே மூச்சு வாங்கியது.

"மாப்ள, ஏட்டுக்கிட்ட சொல்ட்டேன். கோணிய நான்தான் எடுத்துக் கொடில போட்டேன். தரைய சோப்பு போட்டுக் கழுவுனதும் நான்தான், அலசாம வுட்டேன்னு சொல்ட்டேன். நீங்க ஒண்ணியும் மனசுல வச்சிக்காதீங்க. கிரேசப் பாத்துக்குங்க."

என் கையைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினார்.

அவர் இறந்த பிறகு கிரேஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடையிலிருந்து ஷூ லேஸ் வரைக்கும். அவள் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "நைனாவ நெனச்சி நெனச்சி உங்களுக்குப் புத்தி கலங்கிப்போச்சி. ஒரு ஆணி அடிக்கத் தெரியாது உங்களுக்கு, நீங்க போயி ஆளக் கொல்றதாவது" என்றாள். ஆசீர்வாதமும் நம்பவில்லை. போதகரிடம் போனேன். அவர் எனக்காக ஜெபம் செய்தார். சபையில் என்னைக் காட்டி, மாமனார் மேல் இப்படிப் பாசம் வைத்த மருமகன் உண்டா என்று பேசிக்கொள்கிறார்கள்.

நீங்களும் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள், பார்க்கிறேன். தயவுசெய்து திறந்துகொள்ளுங்கள். மனம் திருந்தி வந்தவன் என்று என்னை நினைக்க வேண்டாம், அந்தத் தகுதி எனக்கில்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஏட்டு எழுதி வைத்திருப்பதை அடித்துவிடுங்கள். அந்தக் கோணியை எடுத்தது நான். சோப்பு போட்டது நான். கடைக்காரர், கொத்தனார் இரண்டு பேரும் எச்சரித்தும் கேட்காமல் திட்டம் போட்டு மோசஸைக் கொன்றது நான். என் வாழ்க்கையில் ஆரம்பித்து, செய்து, முடித்த ஒரே வேலை அது. அதையும் அவர் செய்ததாக எழுதிவிடாதீர்கள்.

மற்றபடி ஐயா, அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் எப்போதும் இருந்ததில்லை.