கொழும்புக் கணக்கில் ஒரே பிள்ளை

லுணுகலை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த டீச்சர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் என் காது அங்கே போனது.

"அக்கா, உங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல ஒரே பிள்ளை ரெண்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் சேத்துப் படிக்குதாம். கொழும்பு ஆபீஸ்ல சொல்றாங்க."

அவர் பக்கத்தில் இருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா சிரித்தார். "அப்படி ஒரு கெட்டிக்காரப் பிள்ளை யாருங்க டீச்சர்?"

"உங்க போன்தான். போன்ல வர்ற மாலை வகுப்புப் பாடத்தை எத்தனை பேர் பாக்குறாங்கன்னு இன்டர்நெட்ல கணக்கு எடுக்குறாங்க. ஒரு போனுக்கு ஒரு பிள்ளையாம். ஒரு பிள்ளைக்கு எதுக்கு வகுப்புன்னு நிப்பாட்டப் போறாங்க."

"ஐயையோ! தண்ணி பிடிக்கிற பீலிக்கு மேல பாறையிலதானே சிக்னல் கிடைக்கும்? அங்க என் போனைச் சுத்தி எத்தனை தலைங்க!"

"அதான் பேரெல்லாம் அனுப்பப் போறேன். சொல்லுங்க."

அக்கா விரல் மடக்கிச் சொல்லச் சொல்ல, டீச்சர் கொப்பியில் எழுதினார். பதினொரு பேர்.

"எல்லாம் பெரிய பிள்ளைங்க. ரெண்டாம் வகுப்புப் பாடத்தைத் தினமும் பாக்குறது யாரு? அந்தப் பேரு விட்டுப் போச்சே."

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளைங்க போன பொறகு, நான்தாங்க டீச்சர்."

"அட, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? உங்க பேரையும் எழுதுறேன்."

"கொப்பியைக் குடுங்க. அதை நானே எழுதுறேன்."

"பஸ் ஆடுது அக்கா. எழுத்து கோணும்."

"கோணட்டும் டீச்சர். அப்பத்தான் வேற ஆள்னு நம்புவாங்க."